குளிர்காலத்தில் பெரியவர்களை வீடு மாற்றுவது: முழுமையான வழிகாட்டி

அம்மாவை வீடு மாற்றிய அன்று, கூடத்தில் ஒரு நாற்காலியை மட்டும் கடைசி வரை ஏற்றாமல் வைத்திருந்தோம், அவர் உட்காருவதற்காக. வாசல் கதவு காலை எட்டு மணியிலிருந்து திறந்தே கிடந்தது. ஆட்கள் பெட்டியோடு போவதும் வெறுங்கையோடு வருவதுமாக இருந்தார்கள். பதினோரு மணிவாக்கில் தண்ணீர் கொடுக்கப் போனேன். டம்ளரை வாங்கக் கை நீட்டினார். விரல்கள் சரியாக மடங்கவில்லை. "குளிருதாம்மா?" என்று கேட்டேன். "எனக்கென்ன குளிரு, நீ வேலையைப் பாரு" என்றார். சொல்லும்போதே வார்த்தை லேசாகக் குழறியது. உடனே பக்கத்து வீட்டுக்கு அழைத்துப் போய், கம்பளியைப் போர்த்தி, சூடாகக் குடிக்கக் கொடுத்து உட்காரவைத்தோம். அரை மணி நேரத்தில் பேச்சு தெளிந்தது. அந்த அரை மணி நேரம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

சாமான்களைப் பற்றி அத்தனை யோசித்த நாங்கள், மூன்று மணி நேரம் திறந்து கிடக்கும் கதவைப் பற்றி யோசிக்கவில்லை. குளிர்காலத்தில் பெரியவர்களை வீடு மாற்றும்போது சாமான் போகும் வழி வேறு, அவர்கள் போகும் வழி வேறு என்று முதலிலேயே பிரித்துவிட வேண்டும். அவர்கள் ஒரு வெதுவெதுப்பான அறையிலிருந்து கிளம்பி இன்னொரு வெதுவெதுப்பான அறைக்குப் போய்ச் சேர வேண்டும். நடுவில் ஒரு நிமிடம்கூடக் காலி வீட்டில் உட்காரக் கூடாது. கீழே சொல்லும் படிகள் எல்லாம் இந்த ஒன்றுக்காகத்தான்.

படி 1: இப்போதே மாறத்தான் வேண்டுமா?

தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுங்கள். ஆனால் பெரியவர்களின் வீடு மாற்றம் பெரும்பாலும் நாள் பார்த்து வருவதில்லை. ஒருமுறை கீழே விழுந்திருப்பார்கள், ஆஸ்பத்திரியில் நாலு நாள் இருந்து வந்திருப்பார்கள், கூட இருந்தவர் போயிருப்பார். மாடிப்படி ஏற முடியாத ஒருவரை, வெயில் வரட்டும் என்று அந்த மாடி வீட்டிலேயே மூன்று மாதம் வைத்திருப்பதும் ஆபத்துதான். இரண்டையும் எடை போட்டு முடிவு செய்யுங்கள்.

மாறுவது என்று முடிவானால், குளிர்காலத்தில் ஒரு சௌகரியம் உண்டு. வீடு மாற்றித் தரும் நிறுவனங்களுக்கு அப்போது வேலை குறைவு. வேண்டிய தேதி கிடைக்கும். வானிலை மோசமானால் இரண்டு நாள் தள்ளிப்போடவும் ஒப்புக்கொள்வார்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இந்தத் தள்ளிப்போடும் விஷயத்தைப் பேசி எழுத்தில் வாங்கிவிடுங்கள். மாற்றுத் தேதி ஒன்றும் கையில் இருக்கட்டும். தேதி தப்பினால் பணம் போய்விடும் என்ற நிலை வந்தால், பனிக்காற்றிலும் கிளம்பத்தான் தோன்றும்.

அடுத்தது டாக்டர். ஆறு வாரத்துக்கு முன்பே ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. பயணம் தாங்குமா, சாப்பிடும் மருந்துகளில் குளிரைத் தாங்கும் சக்தியைக் குறைப்பது எது, தலைசுற்ற வைப்பது எது என்று கேளுங்கள். தூக்க மாத்திரைகளும் மனநலத்துக்குத் தரும் சில மருந்துகளும் உடல் தன் சூட்டைக் காத்துக்கொள்ளும் திறனைக் குறைக்கும். ஃப்ளூ தடுப்பூசி போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். ஊசி போட்டபின் எதிர்ப்புச் சக்தி உருவாக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். கிளம்புவதற்கு முந்தைய நாள் போட்டால் பயணத்துக்கு உதவாது.

படி 2: வயதான உடம்பும் குளிரும்

இதைப் புரிந்துகொண்டால் மற்ற ஏற்பாடுகள் எல்லாம் தானாகவே சரியாக வரும். வயதாக ஆகத் தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு குறைகிறது. சூட்டை உண்டாக்கும் தசையும் குறைகிறது. குளிர் பட்டதும் ரத்தக் குழாய்கள் சுருங்கிச் சூட்டை உள்ளே பிடித்துவைக்கும் வேலையும் மந்தமாகிறது. இவற்றைவிட ஆபத்தானது, குளிர்வதே அவர்களுக்கு உறைக்காமல் போவது. என் அம்மா பொய் சொல்லவில்லை; அவருக்கு உண்மையாகவே குளிரவில்லை. அதனால் "குளிருதா?" என்று கேட்டு, வரும் பதிலை நம்பி இருக்கக் கூடாது. வயிற்றிலோ முதுகிலோ கை வைத்துப் பாருங்கள். துணிக்குள் மூடியிருக்கும் இடம் சில்லென்று இருந்தால் அது எச்சரிக்கை. சர்க்கரை நோய், தைராய்டு குறைவு, பார்க்கின்சன் நோய் உள்ளவர்களிடம் இன்னும் கவனம் வேண்டும்.

உடலின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்குவதைத்தான் ஹைப்போதெர்மியா என்கிறார்கள். பனியில் மாட்டிக்கொண்டவருக்குத்தான் வரும் என்று நினைக்காதீர்கள். சூடில்லாத வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பவருக்கும் வரும். பேச்சு குழறுவது, தூங்கி விழுவது, நடை தடுமாறுவது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வது ஆகியவை அடையாளங்கள். நடுக்கம் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள், பெரியவர்களுக்கு நடுக்கமே வராமலும் போகலாம். பழைய பாதரசத் தெர்மாமீட்டர்களில் அளவே 35-லிருந்துதான் தொடங்கும் என்பதால் அவை இதற்கு உதவாது.

சந்தேகம் வந்தால் சூடான அறைக்கு அழைத்துப் போங்கள். ஈரத் துணி இருந்தால் மாற்றுங்கள். முதலில் மார்பு, கழுத்து, தலை ஆகியவற்றை மூடிச் சூடாக்குங்கள். கை கால்களைப் பரபரவென்று தேய்ப்பது நம் எல்லோருக்கும் தோன்றும் காரியம், அதைச் செய்யாதீர்கள். மது கொடுக்கவே கூடாது. அது ரத்தக் குழாய்களை விரித்து இருக்கும் சூட்டையும் வெளியே விட்டுவிடும். நினைவு தெளிவாக இருந்தால் மட்டும் சூடாகக் குடிக்கக் கொடுங்கள். குழப்பமும் தூக்கக் கலக்கமும் இருந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்கள். பேச்சு குழறுவதும் நடை தடுமாறுவதும் பக்கவாதத்தின் அடையாளங்களாகவும் இருக்கலாம். வாய் ஒரு பக்கம் கோணினாலோ ஒரு கை மட்டும் வலுவிழந்தாலோ சூடுபடுத்திப் பார்க்கலாம் என்று ஒரு நிமிடமும் காத்திருக்காதீர்கள்.

இன்னொன்று: குளிரில் ரத்தக் குழாய் சுருங்குவதால் ரத்த அழுத்தம் ஏறும், இதயத்துக்கு வேலை கூடும். அதனால் "சும்மா இருக்க முடியலடா" என்று அப்பா ஒரு பெட்டியைத் தூக்க வந்தாலும், வாசல் பனியை அள்ள மண்வெட்டியை எடுத்தாலும் கையைப் பிடித்து நிறுத்திவிடுங்கள். உட்கார்ந்தபடி செய்யும் வேலையாகக் கொடுங்கள்: பெட்டிகளுக்கு எண் போட்டு, எதில் என்ன இருக்கிறது என்று நோட்டில் எழுதுவது. என்ன எங்கே போகிறது என்பது அவர் கையெழுத்திலேயே இருந்தால், புது வீட்டில் தேடும்போது அவரிடம்தான் போய்க் கேட்க வேண்டியிருக்கும். அது அவருக்கு நல்லது.

படி 3: சாமான் பிரிப்பது

ஆறிலிருந்து எட்டு வாரம் முன்பே தொடங்குங்கள். நாற்பது வருடம் சேர்ந்ததை ஒரு வார இறுதியில் பிரிக்க முடியாது. ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம், அதுவும் வெளிச்சமான காலை வேளையில் போதும். குளிர்காலத்தில் சீக்கிரமே இருட்டிவிடும். மாலை மங்கலில் பழைய பொருட்களை எடுத்துப் பரப்பினால் மனது கனத்துப்போகும்.

நினைவுகள் குறைவாக இருக்கும் இடத்தில் தொடங்குங்கள். சமையலறையில் இரண்டாவதாக இருக்கும் பாத்திரங்கள், குளியலறை அலமாரி, படுக்கை விரிப்புகள். போட்டோக்களும் கடிதங்களும் கடைசி. ஆல்பத்தில் தொடங்கினால் அன்றைக்கு வேறு வேலை நடக்காது.

"இது வேணுமா, வேண்டாமா?" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் எல்லாமே வேண்டும். புது வீட்டின் அளவை எடுத்து, பெரிய தாளில் வரைந்து, கட்டில், அலமாரி, சாய்வு நாற்காலி இவற்றை அதே அளவு விகிதத்தில் அட்டையில் வெட்டி அவர் கையில் கொடுத்துவிடுங்கள். "இதை எங்கே வைக்கலாம்?" என்று கேளுங்கள். என் அம்மா மூன்று நாள் அந்த அட்டைகளை நகர்த்திக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள், பெரிய அலமாரிக்கான அட்டையைத் தானாகவே எடுத்து ஓரமாக வைத்தார். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவர்கள் வைத்துக்கொள்ளும் பொருளுக்குக் காரணம் கேட்காதீர்கள். அம்மாவிடம் ஒரு தகர டப்பா நிறையச் சாவி இருந்தது. பூட்டு ஒன்றுகூட இல்லை. அந்த டப்பா இப்போது அவர் தலைமாட்டில் இருக்கிறது. ஒரு சாண் இடம்தானே.

பேச்சுவாக்கில் ஒரு முக்கியமான வேலை: படுக்கையறை, படுக்கைப் பக்கத்து மேஜை, சமையலறை மேடை, குளியலறை அலமாரி ஆகியவை அன்றாடம் எப்படி இருக்கின்றனவோ அப்படியே, அடுக்காமல் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புது வீட்டில் அதைப் பார்த்து அப்படியே வைக்கப் போகிறீர்கள்.

படி 4: புது வீட்டை முன்கூட்டியே சூடாக்குவது

நாள் கணக்கில் பூட்டிக் கிடந்த வீட்டில் சுவரும் தரையும் கட்டிலும் உள்ளுக்குள் குளிர்ந்திருக்கும். காற்று சூடாக ஒரு மணி நேரம் போதும். சுவர் சூடாக ஒரு நாள் வேண்டும். குறைந்தது 24 மணி நேரம் முன்பே ஹீட்டரைப் போட்டுவிடுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட வீடு-ஆரோக்கிய வழிகாட்டுதலில், குளிர்காலத்தில் வீட்டுக்குள் 18 டிகிரி செல்சியசாவது இருக்க வேண்டும் என்கிறது; முதியவர்களுக்கு அதற்கு மேலும் தேவைப்படலாம் என்றும் சொல்கிறது. 20 அல்லது 21 என்று வைத்துக்கொள்வது என் வழக்கம். சுவரில் ஒரு சின்ன அறைத் தெர்மாமீட்டரை மாட்டுங்கள். ஓடியாடி வேலை செய்கிற உங்கள் உடம்பை நம்பி அறையின் சூட்டைக் கணிக்க முடியாது.

ஒரு வாரம் முன்பே ஹீட்டரை ஓட்டிப் பார்ப்பது இன்னும் முக்கியம். முதல் இரவில் அது ஓடாது என்று தெரியவந்தால் என்ன செய்வீர்கள்? எரிவாயு, விறகு, எண்ணெய் என்று எதையாவது எரித்துச் சூடாக்கும் ஏற்பாடு இருந்தால் புகைபோக்கியைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். படுக்கையறைக்குப் பக்கத்தில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி பொருத்துங்கள். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, குமட்டல், சோர்வு என்றுதான் தொடங்கும். வீடு மாற்றிய அசதி என்றே எல்லோரும் நினைப்பார்கள். கரி அடுப்பையோ ஜெனரேட்டரையோ வீட்டுக்குள் வைக்கவே கூடாது.

கரண்டில் ஓடும் சின்ன ஹீட்டர் வைத்தால், திரைச்சீலையும் போர்வையும் அதிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி இருக்கட்டும். சுவர் பிளக்கில் நேராகச் செருகுங்கள். எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டாம். தூங்கும்போது அணைத்துவிடுங்கள். வெந்நீர்ப் பை, மின் கம்பளி இவை பாதுகாப்பானவை போலத் தெரியும். ஆனால் சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்களுக்குச் சுடுவது தெரியாமலே கொப்பளித்துவிடும். படுக்குமுன் படுக்கையைச் சூடாக்கிவிட்டு, அவர்கள் ஏறிப் படுக்கும்போது எடுத்துவிடுங்கள். குழாயில் வரும் வெந்நீர் 49 டிகிரிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வயதானவர்களின் மெல்லிய தோல் சட்டென்று வெந்துவிடும்.

பிறகு, படுக்கையிலிருந்து கழிவறைக்குப் போகும் வழி. அந்த வழியில் நீங்களே விளக்கை அணைத்துவிட்டு நடந்து பாருங்கள். எங்கே கை சுவரைத் தேடுகிறது, எங்கே கால் தட்டுகிறது? அங்கெல்லாம் தானாக எரியும் சின்ன விளக்கு வையுங்கள். தரைவிரிப்பின் மடங்கிய ஓரம், குறுக்கே ஓடும் வயர், சின்ன வாசற்படி எல்லாவற்றையும் சரிசெய்யுங்கள். கழிவறையிலும் குளிக்கும் இடத்திலும் சுவரில் கைப்பிடி வேண்டும். துண்டு மாட்டும் கம்பி உடல் எடையைத் தாங்காது. அவர் அதைப் பிடித்து எழுந்தால் கம்பியோடு கீழே விழுவார். தரை சில்லென்றிருக்கும் காலத்தில் வெறும் சாக்ஸோடு நடப்பார்கள், அது வழுக்கும். குதிகால் மூடிய, ரப்பர் அடி உள்ள வீட்டுச் செருப்பை முன்பே வாங்கிப் பழக்கிவிடுங்கள். புது வீடும் புதுச் செருப்பும் ஒரே நாளில் வேண்டாம்.

படி 5: மருந்தும் கைப்பையும்

மருந்து எக்காரணம் கொண்டும் சாமான் வண்டியில் போகக் கூடாது. பயணத்தின்போதும் காரின் டிக்கியில் வேண்டாம், ஆட்கள் உட்காரும் பக்கமே இருக்கட்டும். இன்சுலின் ஒருமுறை உறைந்துவிட்டால் அதைத் தூக்கிப் போடத்தான் வேண்டும். உருகிய பின் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் பயன்படுத்தக் கூடாது. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஐஸ் பொட்டலத்தோடு நேரடியாக ஒட்டி வைத்தாலும் உறையும் என்பதை மறக்காதீர்கள். ஆஸ்துமா இன்ஹேலர் மிகவும் குளிர்ந்தால் அழுத்தும்போது மருந்து குறைவாக வரும். அதைக் கோட்டின் உள்பையில், உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

கையில் குறைந்தது ஒரு மாத மருந்து இருக்க வேண்டும். பனி விழுந்து வழி அடைபட்டால் புது ஊரில் மருந்துக் கடையைத் தேடி அலைய முடியாது. மருந்துகளின் பெயர், அளவு, வேளை, ஒவ்வாமை, டாக்டரின் எண் எல்லாவற்றையும் ஒரே தாளில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். ஒரு பிரதி பையில், ஒன்று அவர் சட்டைப் பையில், ஒன்று உங்கள் போனில்.

ஆக்ஸிஜன் கருவி வைத்திருப்பவர்களுக்குத் தனி ஏற்பாடு. புது வீட்டில் அது ஓடும் நிலையில் இருப்பதை முந்தைய நாளே நேரில் பார்த்துவிட்டுத்தான் ஆளை அழைத்துப் போக வேண்டும். கருவியை இரவெல்லாம் காரில் விட்டுவைக்காதீர்கள். கரண்ட் போனால் என்ன வழி என்று கொடுத்தவரிடமே கேட்டுவையுங்கள்.

அவரோடு போகும் பையில் இவை இருக்கட்டும்:

- மருந்து, மருந்துச் சீட்டு, மருத்துவ ஃபைல்
- கண்ணாடி, பல்செட், காதுக் கருவி, அதற்கு மாற்று பேட்டரி (குளிரில் பேட்டரி சீக்கிரம் தீரும்)
- அடையாள அட்டை, வங்கி, பென்ஷன், காப்பீட்டுத் தாள்கள், உயில்
- இரண்டு செட் மாற்றுத் துணி, தொப்பி, கையுறை, இரண்டு ஜோடி சாக்ஸ்
- போன், சார்ஜர், டார்ச்
- அவர் தினமும் தொடும் ஏதோ ஒன்று: பிரார்த்தனைப் புத்தகம், ரேடியோ, போர்வை, என் அம்மாவுக்குச் சாவி டப்பா

படி 6: குளிர் தாங்காத சாமான்கள்

இதை அதிகம் நீட்ட வேண்டாம். திரவம் நிறைந்த பாட்டில்கள் உறைந்தால் விரிந்து வெடிக்கும். செடிகள் சாமான் வண்டியில் ஓர் இரவு இருந்தாலே கருகிவிடும், காரில் கொண்டுபோங்கள். டிவி, கம்ப்யூட்டர் போன்றவை குளிரிலிருந்து சூடான அறைக்கு வந்ததும் உள்ளே ஈரம் பனிக்கும். பல மணி நேரம் விட்டு, வெளியிலும் உள்ளேயும் காய்ந்த பிறகுதான் கரண்ட் கொடுக்க வேண்டும். ஃப்ரிட்ஜைப் படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தால், நிமிர்த்தி வைத்துச் சில மணி நேரம் கழித்துப் போடுங்கள். மரச் சாமான்களைப் போர்வையில் சுற்றுங்கள், ஹீட்டருக்குப் பக்கத்தில் இறக்காதீர்கள்.

பெரியவருக்கு டிவிதான் துணை என்றால், அன்று இரவு அது இருக்காது என்று முன்பே சொல்லிவையுங்கள். ரேடியோ கைவசம் இருக்கட்டும்.

படி 7: வாசலும் வழியும்

இரண்டு வீட்டு வாசலையும் முந்தைய நாளே சுத்தம் செய்யுங்கள். காலையில் இன்னொரு முறை. பனிக்கட்டியின் மேல் உப்பு தூவுவது தெரிந்ததுதான், ஆனால் சாதாரண உப்பு சுமார் மைனஸ் 9 டிகிரிக்குக் கீழே அவ்வளவாக வேலை செய்யாது. அந்தக் குளிரில் கால்சியம் குளோரைடு உதவும். பனியை உருக்காவிட்டாலும் காலுக்குப் பிடிமானம் தருவது மணல். பனி விழாத இடங்களிலும் விடியற்காலைப் பனிநீர் படிந்த டைல்ஸ் படி வழுக்கும் என்பதைச் சேர்த்து யோசியுங்கள்.

வீட்டுக்குள் வாசலிலிருந்து ரப்பர் அடி உள்ள விரிப்பு போடுங்கள். ஆட்களின் காலணியில் வரும் பனி உருகித் தரை முழுக்க ஈரமாகும். வேலை முடிந்து, தரை துடைத்துக் காயும்வரை பெரியவர் உள்ளே வரக் கூடாது.

நடத்திக் கூட்டிப் போகும்போது பாதத்தை முழுதாகத் தரையில் பதித்து, சின்னச் சின்ன எட்டாக வைக்கச் சொல்லுங்கள். கைத்தடியின் அடியில் பனியைப் பிடிக்கும் முள் முனை பொருத்தலாம், ஆனால் வீட்டுக்குள் வந்ததும் அதை மடக்கிவிட வேண்டும், டைல்ஸில் அது சறுக்கும். நீங்கள் அவர் கையை இழுத்துப் பிடிக்காதீர்கள். அவர் உங்கள் முழங்கையைப் பிடித்துக்கொள்ளட்டும். வாக்கர், வீல்சேர் இரண்டையும் வண்டியில் கடைசியாக ஏற்றி முதலாவதாக இறக்குங்கள். வீல்சேரின் பிரேக் ஈரத்தில் பிடிக்கிறதா என்று பாருங்கள்.

படி 8: மாறும் நாள்

அன்றைக்கு இரண்டு குழு வேண்டும். ஒன்று சாமானோடு, மற்றொன்று பெரியவரோடு. இரண்டாவது குழுவில் ஒருவர் இருந்தால் போதும். ஆனால் அவருக்கு அன்று வேறு வேலையே கிடையாது. போன் அடித்தாலும், அலமாரி வாசலில் மாட்டிக்கொண்டாலும் அவர் எழுந்து போகக் கூடாது.

சாமான் ஏற்றத் தொடங்குவதற்கு முன்பே, சாப்பாடும் காலை மருந்தும் முடித்து, பெரியவரை உறவினர் வீட்டிலோ நண்பர் வீட்டிலோ கொண்டுபோய் விடுங்கள். சிலர் "என் வீட்டை நான் கடைசியா ஒரு தடவை பார்க்கணும்" என்பார்கள். அது நியாயம். அதற்கு முந்தைய நாள் மாலை நேரம் ஒதுக்குங்கள், வீடு இன்னும் சூடாகவும் சாமான்கள் இடத்தில் இருக்கும்போதும். ஒவ்வொரு அறையாக அவர் போகட்டும், அவசரப்படுத்தாதீர்கள். காலி அறையைக் கடைசி நினைவாகக் கொடுக்க வேண்டாம். டிமென்ஷியா என்னும் மறதி நோய் உள்ளவர்களுக்கு இது இன்னும் பொருந்தும்: சாமான்கள் ஒவ்வொன்றாக மறைவதைப் பார்ப்பது அவர்களைப் பெரிதும் கலங்கவைக்கும்.

காரை முன்பே சூடாக்கிவையுங்கள், ஆனால் மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிடாதீர்கள். புகைக்குழாயைப் பனி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அடைத்திருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். கனமான கோட்டின் மேல் சீட் பெல்ட் போட்டால் இறுக்கமாக இருப்பது போலத் தெரியும், மோதினால் கோட்டு அமுங்கி பெல்ட் தளர்ந்துவிடும். கோட்டைக் கழற்றி, பெல்ட் போட்டு, அதன் மேல் கம்பளியைப் போர்த்துங்கள். ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, காலை நீட்டி நாலடி நடக்கச் சொல்லுங்கள். நெடுநேரம் மடக்கிய காலில் ரத்தம் உறையும் ஆபத்து உண்டு.

கழிவறைக்குப் போக வேண்டிவருமே என்று பெரியவர்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள். குளிரில் தாகமும் தெரியாது. நிறுத்தும் இடங்களை முன்பே பார்த்துவைத்து, "ஒரு மணி நேரத்துல இந்த இடத்துல நிறுத்துவோம், பாத்ரூம் இருக்கு" என்று நீங்களாகச் சொல்லிவிடுங்கள். பிறகு குடிப்பார்கள்.

காரில் கூடுதல் கம்பளி, தெர்மாஸ், பிஸ்கட், டார்ச், மண்வெட்டி, சார்ஜ் நிறைந்த போன் இருக்கட்டும். இருட்டுவதற்கு முன் போய்ச் சேரும்படி கிளம்புங்கள். வழியில் நேரமாகிவிட்டால் தங்கிவிடுங்கள். சாமான் குழு புது வீட்டில் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதலில் அவர் அறையை முடிக்க வேண்டும்: கட்டில், படுக்கை, விளக்கு, நாற்காலி, திரைச்சீலை. கூடத்தில் பெட்டிகள் மலைபோல் கிடந்தாலும் பரவாயில்லை. அறை முடிந்து, கதவு சாத்தி, சூடு ஏறிய பிறகு போன் செய்யட்டும். அப்போது கூட்டி வாருங்கள்.

படி 9: முதல் இரவு

எடுத்துவைத்த போட்டோவைப் பார்த்துத் தலைமாட்டு மேஜையை அப்படியே அடுக்குங்கள். தண்ணீர் டம்ளர் எந்தப் பக்கம் இருந்ததோ அதே பக்கம். கட்டிலில் எந்தப் பக்கமாக இறங்குவாரோ அந்தப் பக்கம் சுவர் வரக் கூடாது. போர்வையும் தலையணை உறையும் பழையதாகவே இருக்கட்டும், துவைக்காததாக இருந்தாலும் சரி, அந்த வாசனை வேண்டும்.

அன்று இரவு யாராவது ஒருவர் பக்கத்து அறையில் படுக்க வேண்டும். நான் படுத்திருந்தேன். இரண்டு மணிக்கு ஏதோ சுவரை உரசும் சத்தம் கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தேன். அம்மா கழிவறை வாசலில் நின்று, கதவுக்கு வலப்பக்கச் சுவரை உள்ளங்கையால் மேலும் கீழுமாகத் தடவிக்கொண்டிருந்தார். பழைய வீட்டில் ஸ்விட்ச் அங்கேதான் இருந்தது. இங்கே இடப்பக்கம், உள்ளே. முப்பது வருடப் பழக்கம், கை அங்கேதான் போகும். மறுநாளே ஆள் நடமாட்டத்தில் தானாக எரியும் விளக்கு ஒன்றைக் கழிவறையில் பொருத்தினோம். நீங்கள் அதை முதல் நாளே செய்துவிடுங்கள்.

படி 10: அடுத்த ஆறு வாரம்

வீடு மாறியதால் பெரியவர்களுக்கு வரும் கலக்கத்தை நர்சிங் துறையில் 1992-லேயே தனியாகப் பெயரிட்டு ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். தூக்கம் வராது, சாப்பாடு இறங்காது, "வீட்டுக்குப் போகலாம்" என்பார்கள், எரிச்சல் வரும். "இதுதான் இனிமே உங்க வீடு" என்று திருத்தாதீர்கள். "அந்த வீட்டுல உங்களுக்கு எது ரொம்பப் பிடிக்கும்?" என்று கேட்டு உட்கார்ந்து கேளுங்கள்.

ஆனால் ஒன்றை மட்டும் கலக்கம் என்று விட்டுவிடாதீர்கள். நேற்று நன்றாக இருந்தவர் இன்று திடீரென்று ஆள் தெரியாமல் பேசினால், நேரத்துக்கு நேரம் மாறி மாறிக் குழம்பினால், இல்லாததைப் பார்ப்பதாகச் சொன்னால் அது டெலிரியமாக இருக்கலாம். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, நீர்ச்சத்துக் குறைவு, மருந்து மாறிப்போனது என்று பின்னால் ஒரு காரணம் இருக்கும். சரியான சிகிச்சை கொடுத்தால் பெரும்பாலும் தெளியும். "வயசாச்சு, வீடு வேற மாறியாச்சு" என்று காத்திருக்காமல் அன்றே டாக்டரிடம் போங்கள்.

பகலில் ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போடுங்கள். குளிர்கால வெளிச்சம் கொஞ்சம்தான், கிடைப்பது அவர் மேல் படட்டும். இரவுத் தூக்கத்துக்கு அது உதவும். பழைய வீட்டில் எழுந்த நேரம், சாப்பிட்ட நேரம், ரேடியோ கேட்ட நேரம் எதையும் மாற்றாதீர்கள். பழைய பக்கத்து வீட்டுக்காரர்களிடம் வாரம் ஒருமுறை போன் போட்டுக் கொடுங்கள். வெளியே போக முடியாத காலத்தில் புது முகங்கள் தாமாக வரமாட்டார்கள். நீங்களே போய்ப் பக்கத்து வீட்டாரை ஒருவர், இருவராக அழைத்து வாருங்கள்.

பழைய வீடு காலியாகக் கிடந்தால் அதற்கும் ஒரு வேலை இருக்கிறது. கடும் குளிரில் குழாய்க்குள் தண்ணீர் உறைந்து குழாய் வெடிக்கும். ஹீட்டரை 13 டிகிரிக்குக் குறையாமல் ஓடவிடுங்கள், அல்லது மெயின் வால்வை மூடிக் குழாய்களில் இருக்கும் தண்ணீரை முழுக்க வடித்துவிடுங்கள். பென்ஷன், வங்கி, காப்பீடு, தபால், மருந்துக் கடை ஆகியவற்றில் முகவரி மாற்றத்தை முதல் வாரத்திலேயே முடியுங்கள். தவறிப்போகும் கடிதம் பெரும்பாலும் ஆஸ்பத்திரி தேதி சொல்லும் கடிதமாகத்தான் இருக்கும்.

பிரிக்காத பெட்டிகளை நீங்களே இரவோடு இரவாகப் பிரித்து முடித்துவிடாதீர்கள். நாலைந்தை அவருக்காக விட்டுவையுங்கள். காலை வெளிச்சத்தில், ஒரு நாளைக்கு ஒரு பெட்டி. நோட்டைப் பார்த்து, இன்றைக்கு எந்த எண் என்று அவரே சொல்லட்டும்.